கட்டி பெரிதாகிவிட்டது என்றார்கள்

"ஒரு ஊசியைக் குத்தி மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புற்றுநோய்க்கு இது ஒரு வைத்தியமா?" ஈரல் புற்றுக்கு ஊசி வழிச் சிகிச்சை பெற்றுத் திரும்பிய பெரியப்பாவை நலம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு வடிவில் இதைக் கேட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. வயிற்றைத் திறந்து, ஐசியுவில் வைத்து, நீளமான தையலோடு அனுப்பியிருந்தால் அவர்களுக்கு மனம் ஆறியிருக்கும். நோய் பெரியதென்றால் காயமும் பெரிதாக இருக்க வேண்டும் என்ற கணக்கு நம் ஊரில் அப்படி வேரோடியிருக்கிறது. அதே வாரங்களில் வேறொரு குரலும் காதில் விழுந்தது. கத்தி இல்லை, தையல் இல்லை, தழும்பு இல்லை என்று இதே சிகிச்சையைக் கூவி விற்கும் விளம்பரங்கள். அவநம்பிக்கையோடு கேட்ட உறவினர்களும் ஆசை காட்டிய விளம்பரக்காரர்களும் ஒரே இடத்தைத்தான் பார்த்தார்கள்: தோலை. சிகிச்சை நடந்ததோ விலா எலும்புக்கு உள்ளே, ஈரலுக்குள். அங்கே என்ன நடந்தது, அது போதுமானதா என்ற கேள்வியை இரு தரப்பும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெரியப்பா கும்பகோணத்தில் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. நீண்டகாலச் சர்க்கரை நோய், அதனோடு சேர்ந்து ஈரலில் படிந்த கொழுப்பு, அது கொண்டுவந்துவிட்ட சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி இறுகிப்போவது. ஈரல் நோய் என்றதும் "குடிப்பாரோ?" என்று கண்ணாலேயே கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்லியே பெரியம்மா களைத்துப்போனார். சிரோசிஸ் வந்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றை ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கணக்கர் அல்லவா, தேதி தவறாமல் போவார். அப்படிப் போன ஒரு தடவைதான் வலப்பக்க ஈரலில் 2.3 சென்டிமீட்டர் கட்டி ஒன்று தெரிந்தது. வலி இல்லை, எடை குறையவில்லை, பசி மாறவில்லை. ஸ்கேன் மட்டும் எடுக்காமல் இருந்திருந்தால் அது 6 சென்டிமீட்டர் ஆகும்வரை யாருக்கும் தெரிந்திருக்காது.

சென்னையில் மருத்துவர்கள் கூடிப் பேசிச் சொன்ன முடிவு இது. அறுவைச் சிகிச்சை செய்யலாம். ஆனால் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவு, மண்ணீரல் வீங்கியிருக்கிறது, ஈரலுக்குள் போகும் நாளத்தில் அழுத்தம் அதிகம். ஈரலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் மீதமுள்ள ஈரல் உடம்பைத் தாங்குமா என்பது சந்தேகம். மாற்று ஈரல் என்பது வயதையும் கொடையாளியையும் பொறுத்த வேறு கதை. கட்டி ஒன்றுதான், சிறியதுதான் என்பதால் ஊசி வழியாக மின்சாரம் செலுத்திச் சூட்டில் அழித்துவிடலாம். ஆர்.எஃப்.ஏ., அதாவது ரேடியோ ஃப்ரீக்வென்ஸி அப்லேஷன், என்று அதற்குப் பெயர் சொன்னார்கள். பெரியப்பாவின் மகன், என் அண்ணன், ஒரே பிடியாக நின்றார்: "வெட்டி எடுத்தால்தான் வேரோடு போகும். உள்ளேயே வைத்துச் சுட்டால் மிச்சம் இருக்காதா?" மற்ற எல்லோருடைய கேள்விகளையும்விட இது நல்ல கேள்வி. இந்தச் சிகிச்சையின் வெற்றியும் தோல்வியும் அதற்குள்தான் இருக்கின்றன.

ஊசிக்குள் ஓடும் குளிர்ந்த நீர்

பழுக்கக் காய்ச்சிய கம்பியை உள்ளே செருகுகிறார்கள் என்றுதான் எங்கள் வீட்டில் பலர் கற்பனை செய்துகொண்டிருந்தார்கள். சூடு ஊசியில் பிறப்பதே இல்லை. ஊசியின் முனையிலிருந்து வினாடிக்குச் சுமார் 4 முதல் 5 லட்சம் சுற்றுகள் திசை மாறும் மின்னோட்டம் கட்டிக்குள் பாய்கிறது. தொடைகளில் ஒட்டியிருக்கும் அகலமான பட்டைகள் வழியாக அது வெளியேறுகிறது. அந்த வேகத்தில் திசை மாறும்போது திசுக்களில் இருக்கும் அயனிகள் முன்னும் பின்னும் அலைக்கழிந்து உரசுகின்றன. சூடு அங்கிருந்துதான் பிறக்கிறது. வீட்டு மின்சாரம் பட்டால் தசை இழுக்கிறது, இதயம் நின்றுபோகவும் கூடும். இவ்வளவு வேகத்தில் திசை மாறும் மின்னோட்டம் தசையைத் தூண்டுவதில்லை. பாரிஸில் தார்சோன்வால் என்ற உடலியலாளர் 1891-இலேயே இதைக் காட்டிவிட்டார். அதை ஒரு மெல்லிய ஊசி வழியாக ஈரலுக்குள் கொண்டுபோகலாம் என்று 1990-இல் கலிபோர்னியாவில் மெக்காஹன் குழுவும் இத்தாலியில் ரோஸ்ஸி குழுவும் தனித்தனியாக எழுதினார்கள். அதற்கு முன்பு ஜப்பானிலும் இத்தாலியிலும் இதே மாதிரிச் சிறு கட்டிகளுக்குள் சுத்தமான ஆல்கஹாலை ஊசியால் செலுத்தி அழித்துவந்தார்கள். ஆல்கஹால் எந்தப் பக்கம் பரவும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. சூட்டை ஓரளவு அளந்து கொடுக்கலாம் என்பதால்தான் சூட்டு முறை முந்திச் சென்றது.

60 டிகிரி செல்சியஸைத் தொட்டால் செல்லின் புரதங்கள் அந்தக் கணமே உறைந்துவிடுகின்றன. அந்தச் செல் மீண்டு வராது. 50 டிகிரி என்றால் சில நிமிடங்கள் பிடிக்கும். சரி, கூட்டிக்கொண்டே போனால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். இங்கேதான் என்னை வியக்க வைத்த விஷயம் இருக்கிறது. 100 டிகிரியைத் தாண்டினால் ஊசியைச் சுற்றியுள்ள திசு கொதித்துக் கருகிவிடும். கருகிய திசு மின்சாரத்தைக் கடத்தாது. கட்டியின் ஓரங்களுக்குச் சூடு போய்ச் சேராமல் நின்றுவிடும். நடுவில் கரி, ஓரத்தில் உயிருள்ள புற்று. அதனால் ஊசியின் உள்ளே ஐஸ் போலக் குளிர்ந்த நீரை ஓடவிடுகிறார்கள். சூட்டால் கொல்லும் கருவியைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பது எதற்காகவென்றால், சூடு பொறுமையாக வெளிப்பக்கம் பரவுவதற்காக.

பெரியப்பாவின் கட்டி ஈரலின் கீழ் விளிம்பில், பெருங்குடலின் வளைவுக்கு மிக அருகில் இருந்தது. குடலில் சூடு பட்டால் ஓட்டை விழும், அது உயிருக்கே ஆபத்து. அதனால் முதலில் ஒரு மெல்லிய ஊசி வழியாக ஈரலுக்கும் குடலுக்கும் நடுவே திரவம் செலுத்திக் குடலைத் தள்ளி வைத்தார்கள். செலுத்தியது உப்பு நீர் அல்ல, குளுக்கோஸ் நீர். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும், குளுக்கோஸ் நீர் கடத்தாது. "சர்க்கரை வியாதிக்காரர் வயிற்றில் குளுக்கோஸா டாக்டர்?" என்று பெரியம்மா பதறினார். அளவு பார்த்து இன்சுலின் கொடுத்துக்கொள்கிறோம், குடல் ஓட்டையானால் தைக்க வேறு ஆள் தேட வேண்டும் என்று, ஸ்கேன் படம் பார்த்து ஊசி வைக்கும் மருத்துவரான ரேடியாலஜிஸ்ட் நிதானமாகப் பதில் சொன்னார். ஒரு ஊசியைக் குத்தி அனுப்பியதாகச் சொல்கிறார்களே, அந்த ஒரு ஊசிக்கு முன்னால் இவ்வளவு யோசனை இருந்தது. கட்டியை அழித்து முடித்ததும் ஊசியை உருவும்போதுகூட அது வந்த பாதையைச் சூடாக்கிக்கொண்டே உருவுகிறார்கள். ரத்தம் கசியக் கூடாது, புற்றுச் செல் எதுவும் ஊசியோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்து வழியில் விதைந்துவிடக் கூடாது என்பதற்காக.

மறுநாள் பெரியப்பா வீடு திரும்பினார். சில நாள் லேசான காய்ச்சல், அசதி, வலது தோள்பட்டையில் வலி. ஈரலில் சுட்டால் தோளில் ஏன் வலிக்கிறது என்று கேட்டோம். ஈரலுக்கு மேலே இருக்கும் உதரவிதானத்துக்கும் தோளுக்கும் உணர்வு நரம்புகள் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து பிரிகின்றன என்றார்கள். காய்ச்சல், செத்த திசுவை உடம்பு அகற்றத் தொடங்கியதன் அடையாளம் என்றார்கள். இரண்டும் தானாக அடங்கின. மருத்துவக் காப்பீட்டுக்காரர்கள் மட்டும், வெட்டு இல்லாத சிகிச்சைக்கு எதற்கு இவ்வளவு தொகை என்று கடிதம் மேல் கடிதம் கேட்டார்கள். அவர்களும் தோலைத்தான் பார்த்தார்கள்.

ஒரு மாதம் கழித்து வந்த அறிக்கை

ஒரு மாதம் முடிந்ததும் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். நம் ஊர் வழக்கப்படி ஸ்கேன் அறிக்கை மருத்துவரின் கைக்குப் போகுமுன் குடும்பத்தின் கைக்குத்தான் வந்தது. அண்ணன் உறையைப் பிரித்தார். கட்டி இருந்த அதே இடத்தைக் குறித்து, 4.1 சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தது. சிகிச்சைக்கு முன் 2.3, இப்போது 4.1. அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. அத்தைக்குத் தொலைபேசியில் சொன்னார், அத்தை மதுரைக்குச் சொன்னார், அன்று மாலைக்குள் குடும்பம் முழுக்கச் செய்தி பரவியது: கட்டி இரண்டு மடங்காகிவிட்டது, அன்றே வெட்டியிருக்க வேண்டும். பெரியப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதே சொல்லிவிடுகிற விதத்தில் சொல்லாமல் இருந்தார்கள். அவர் அன்றிரவு சாப்பிடவில்லை. நான் அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அளவுக்கு அடுத்த வரியில், மருந்து ஏற்றியபின் அந்த இடம் ஒளிரவில்லை என்று இருந்தது. எல்லாமே அந்த வரிதான் என்பது மருத்துவம் படித்தவர்களுக்குத் தெரியும். வீட்டில் இருப்பவர்களுக்கு எண்தான் தெரியும்.

மறுநாள் ரேடியாலஜிஸ்ட் எங்களை உட்காரவைத்து இரண்டு படங்களையும் திரையில் போட்டார். சிகிச்சைக்கு முன்னது, பின்னது. பிறகு ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றினார். பழைய கட்டி நடுவில் ஒரு வட்டம். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு கரிய வளையம். "இந்த 4.1 கட்டியின் அளவு இல்லை. நாங்கள் அழித்த இடத்தின் அளவு. 2.3-ஐ மட்டும் அழித்திருந்தால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்," என்றார். கண்ணுக்குத் தெரியும் கட்டியின் விளிம்போடு புற்று முடிந்துவிடுவதில்லை. சின்னஞ்சிறு துணைக்கட்டிகள், நுண்ணிய ரத்தக்குழாய்களுக்குள் நுழைந்த செல்கள் என்று அந்த விளிம்புக்கு வெளியே சில மில்லிமீட்டர் வரை ஒளிந்திருக்கும். அதனால் கட்டியைச் சுற்றிக் குறைந்தது 5 மில்லிமீட்டர், முடிந்தால் 1 சென்டிமீட்டர் நல்ல ஈரலையும் சேர்த்தே அழிக்க வேண்டும். அறுவைச் சிகிச்சை நிபுணரும் கட்டியை ஒட்டி வெட்டுவதில்லை. சுற்றிலும் நல்ல திசுவோடு சேர்த்துத்தான் எடுக்கிறார். அவர் எடுத்ததை ஒரு தட்டில் வைத்து வீட்டுக்காரர்களிடம் காட்ட முடிகிறது, நோய்க்கூறு நிபுணர் அதன் விளிம்பை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல முடிகிறது. இங்கே எடுத்துக் காட்ட ஒன்றுமில்லை. செத்த திசு உள்ளேயே கிடக்கிறது. விளிம்பு சரியா என்று சொல்ல ஒரே சாட்சி இந்தப் படம்தான்.

செத்துவிட்டது என்பது எப்படித் தெரிகிறது என்று அண்ணன் கேட்டார். அவருடைய முதல் கேள்வியின் நேர்மை இதிலும் இருந்தது. ஈரல் தன் ரத்தத்தின் பெரும்பகுதியைக் குடலிலிருந்து வரும் நாளம் வழியாகப் பெறுகிறது. ஈரல் புற்றோ தமனி வழியாகப் பெறுகிறது. ஸ்கேன் மருந்து முதலில் தமனியில்தான் ஓடும். அந்தச் சில வினாடிகளில் எடுக்கும் படத்தில் உயிருள்ள புற்று வெள்ளையாக ஒளிரும். எதுவுமே ஒளிராமல் கருப்பாக இருந்தால் அங்கே ரத்தம் ஓடவில்லை. வளையத்தின் ஓரத்தில் மெல்லிய, சீரான வெளிர்கோடு தெரிந்தால் அது புண் ஆறும் அறிகுறி. ஒரு பக்கம் மட்டும் திட்டாக, மேடாக ஒளிர்ந்தால் மிச்சம் இருக்கிறது என்று பொருள். பெரியப்பாவின் படத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். திட்டு எதுவும் இல்லை. இந்தத் தழும்பு கரைய மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் ஆகும், முழுதாக மறையாமலும் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார். "கரைந்துவிட்டதா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2.3 சென்டிமீட்டர் விட்டமுள்ள கோளத்தையும் 4.1 சென்டிமீட்டர் விட்டமுள்ள கோளத்தையும் ஒப்பிட்டால் பின்னது கன அளவில் ஐந்தரை மடங்குக்கும் மேல். அழிக்கப்பட்டதில் பெரும்பகுதி நல்ல ஈரல். அந்த வளையத்துக்குத்தான் அவ்வளவு வெப்பமும் அவ்வளவு கவனமும். இதைப் பெரியப்பாவிடம் தாளில் வட்டம் வரைந்து காட்டினேன். கணக்கருக்கு உடனே பிடிபட்டது. அன்று அவர் இரண்டு வேளைச் சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

ஸ்கேன் அறிக்கை எழுதும் மருத்துவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இது சிகிச்சையால் அழிக்கப்பட்ட பகுதியின் அளவு, கட்டியின் அளவல்ல என்று ஒரே ஒரு வரி சேருங்கள். மருத்துவருக்கு அது தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் தாளை முதலில் படிப்பவர் மருத்துவர் அல்ல. அந்த ஒரு வரி இருந்திருந்தால் ஒரு முதியவர் ஓர் இரவு பட்டினி கிடந்திருக்க மாட்டார். சிகிச்சைக்கு அனுப்பும் மருத்துவர்களும் "அடுத்த மாதம் அளவு கூடித்தான் தெரியும்" என்று முன்பே சொல்லிவிடலாம். அரை நிமிடம்கூட ஆகாது.

மூன்று சென்டிமீட்டருக்கு அப்பால்

அந்த வளையத்தைப் பார்த்தபின் விளம்பரங்கள் மீதும் எனக்குக் கோபம் வந்தது. கட்டி 5 சென்டிமீட்டர் என்றால் அழிக்க வேண்டியது 6, 7 சென்டிமீட்டர். ஒரு ஊசியின் சூடு அவ்வளவு தூரம் எட்டாது. பல ஊசிகளை வைத்து, வட்டங்களை ஒன்றோடொன்று மேவவிட்டு மூட வேண்டும். நடுவில் எங்காவது ஒரு இடைவெளி விழுந்தால் புற்று அங்கிருந்து திரும்பி வளரும். 3 சென்டிமீட்டர் என்ற எல்லையை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். இத்தாலியில் லிவ்ராகியும் அவருடைய சகாக்களும் 2 சென்டிமீட்டருக்கு உட்பட்ட ஈரல் கட்டி கொண்ட 218 பேரைப் பற்றி 2008-இல் எழுதினார்கள். 97 சதவீதத்தினரின் கட்டி அந்த இடத்தில் கட்டுப்பட்டே இருந்தது. அறுவைச் சிகிச்சைதான் முதல் தேர்வு என்று இனியும் சொல்லலாமா என்று அவர்கள் வெளிப்படையாகவே கேட்டார்கள். சற்றுப் பெரிய கட்டிகளுக்கு வந்தால் பதில் அவ்வளவு தெளிவாக இல்லை. சீனாவில் குவாங்சோவில் 180 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில் அறுவைச் சிகிச்சை, வெப்பச் சிகிச்சை இரண்டிலும் ஆயுள் ஏறக்குறைய சமம். 2010-இல் அதே நாட்டின் செங்டுவிலிருந்து வந்த ஆய்வில் அறுவைச் சிகிச்சையே மேல். 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஜப்பானில் சுமார் 300 பேரிடம் நடந்த ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பெருங்குடல் புற்று ஈரலுக்குப் பரவியவர்களிடம் நெதர்லாந்தில் நடந்த ஆய்வின் முடிவு 2024-இல் வந்தது. அதிலும் 3 சென்டிமீட்டர்தான் எல்லை. வெப்பச் சிகிச்சையில் ஆயுள் குறையவில்லை, சிக்கல்கள் வெகுவாகக் குறைவு என்று பாதியிலேயே தெரிந்துவிட்டதால் ஆய்வை நிறுத்திவிட்டார்கள். சிறிய கட்டிக்கு இது ஏழையின் மாற்று வைத்தியமல்ல என்று நான் உறுதியாகச் சொல்லத் துணிவது இவற்றை வைத்துத்தான். அளவைச் சொல்லாமல் 'தழும்பு இல்லை' என்று மட்டும் சொல்லும் விளம்பரம் நோயாளியை ஏமாற்றுகிறது என்று சொல்வதும் இவற்றை வைத்தே.

அளவைப் போலவே இடமும் முக்கியம். கட்டியை ஒட்டி 3 மில்லிமீட்டருக்கு மேல் பருமனுள்ள ரத்தக்குழாய் ஒன்று ஓடினால், அதில் பாயும் ரத்தம் சூட்டைத் தொடர்ந்து அள்ளிக்கொண்டு போய்விடும். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் குழாயில் ஈயப் பற்று பிடிக்காது, அதே கதைதான். கட்டியின் மற்ற மூன்று பக்கமும் செத்திருக்க, குழாயை ஒட்டிய பக்கம் மட்டும் பிழைத்துக்கொள்ளும். வீட்டு அடுப்புகளில் இருக்கும் அதே மைக்ரோவேவ் அலைகளை ஊசி வழியாகச் செலுத்தும் முறை இந்த இடத்தில் கொஞ்சம் கை கொடுக்கிறது. அது நீர் மூலக்கூறுகளைச் சுழலவைத்துச் சூடாக்குகிறது, கருகிய திசுவையும் ஊடுருவுகிறது, வேகமாக வேலை செய்கிறது, தொடையில் பட்டைகளும் தேவையில்லை. ரத்த ஓட்டம் களவாடும் சூடு இதிலும் உண்டு, குறைவு, அவ்வளவுதான்.

இந்த வேறுபாடு எங்களுக்குப் படிப்பாக மட்டும் இருந்துவிடவில்லை. ஓராண்டுக்கு மேல் அமைதியாக இருந்தபின் பெரியப்பாவின் ஈரலில் வேறொரு இடத்தில் 1.8 சென்டிமீட்டர் கட்டி ஒன்று தென்பட்டது. பழைய இடம் அப்படியே கருப்பாக, சுருங்கிக்கொண்டு வருகிறது. இது புதியது. சுட்டது ஒரு கட்டியைத்தான். அதை விளைவித்த சிரோசிஸ் ஈரல் முழுவதும் இருக்கிறது. வெட்டி எடுத்திருந்தாலும் மீதி ஈரலில் இது முளைத்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது அண்ணன் மறுத்துப் பேசவில்லை. பெரியப்பாதான் கேட்டார்: "பக்கத்தில் ரத்தக்குழாய் எதுவும் போகிறதா டாக்டர்?" போனது. ஈரலிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் பெரிய சிரைகளில் ஒன்று, கட்டியைத் தொட்டுக்கொண்டு. அதனால் இந்த முறை மைக்ரோவேவ்.

ஒரு மாதத்துக்குப் பிந்தைய படத்தில் மூன்று பக்கமும் வளையம் நல்ல தடிமனோடு இருக்கிறது. சிரையை ஒட்டிய பக்கம் மட்டும் 3 மில்லிமீட்டருக்கு உட்பட்டு மெலிந்திருக்கிறது. ஒளிரும் திட்டு எதுவும் இல்லை. ஆனாலும் வழக்கம்போல் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், ஆறு வாரத்தில் மறுபடி பார்க்கலாம், அந்த விளிம்பில் ஏதாவது ஒளிர்ந்தால் உடனே இன்னொரு முறை ஊசி வைக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. ஐப்பசியில் ஸ்கேன். அறிக்கையை யாரும் உறையிலிருந்து எடுக்கக் கூடாது, நேரே டாக்டரிடம்தான் கொடுக்க வேண்டும் என்பது பெரியப்பாவின் உத்தரவு. அவர் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்க்கப் போகிறார்.